சூப்பர்வைசர் டூ ஹெச்.ஆர்.: இருக்கும் கம்பெனியிலேயே துறை மாற முடியுமா? ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை!

கடலூர் மாவட்டம் வேப்பூர் என்றதும் பலருக்கு வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைதான் ஞாபகம் வரும். சென்னை - திருச்சி நெடுஞ்சாலையும் கடலூர் - சேலம் சாலையும் சந்திக்கும் கூட்டு ரோடு அது. காலையில் அங்கே பஸ்ஸுக்கு நிற்பவர்களில் கணிசமானவர்கள் விருத்தாசலம் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள். பீங்கான் பொம்மை, அகல் விளக்கு, மின் இணைப்புக்கான ஃபியூஸ் கேரியர் எனச் சூளையில் சுட்டெடுக்கும் பொருள்களுக்குப் பேர் போன ஊர் விருத்தாசலம்.

இப்படி ஒரு யூனிட்டில் சூப்பர்வைசராகவோ, அக்கவுண்ட்ஸ் பிரிவிலோ, தரப் பரிசோதனையிலோ நாலைந்து வருடம் ஓட்டியவர்களுக்கு ஒரு கட்டத்தில் வரும் கேள்வி, "இதே வேலையில் இன்னும் எத்தனை வருஷம்? ஹெச்.ஆர். பக்கம் போக முடியுமா? அதுக்கு எம்.பி.ஏ. படிக்கணுமா? வேற கம்பெனிக்குத்தான் போகணுமா?"

மாற முடியும். இருக்கும் கம்பெனியிலேயே மாறுவதில் சில லாபங்களும் உண்டு. ஆனால் எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாமல் மாறினால் கிராஜுவிட்டி முதல் இ.எஸ்.ஐ. வரை கைவிட்டுப் போகலாம். முழு விவரம் இதோ.

ஹெச்.ஆர். வேலையை இப்போ யார் பார்க்கிறார்கள்?

சிறு, நடுத்தர யூனிட்களில் ஹெச்.ஆர். என்று தனி ரூம் பெரும்பாலும் இருக்காது. அதற்காக ஹெச்.ஆர். வேலையே நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. வருகைப் பதிவேடு எழுதுவது, ஓ.டி. கணக்குப் போடுவது, பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டுவது, புதிதாக ஆள் சேர்ப்பது, சண்டை வந்தால் பேசித் தீர்ப்பது எல்லாமே ஹெச்.ஆர். வேலைதான்.

அதை யாரோ ஒருவர் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருப்பார். சம்பளப் பட்டியல் அக்கவுண்ட்ஸ் கிளார்க்கிடம் இருக்கும். ஆள் சேர்ப்பது சூப்பர்வைசர் கையில் இருக்கும். லீவு தருவது முதலாளி வாய்மொழியாகச் சொல்வது. ஒரே வேலை மூன்று பேரிடம் பிரிந்து கிடக்கும். யாருக்கும் ஹெச்.ஆர். என்ற பேர் மட்டும் இருக்காது.

எனவே, உள்ளுக்குள்ளேயே மாற நினைப்பவர் காலியிட அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சிதறிக் கிடக்கும் இந்த வேலைகளைத் தன் கைக்குக் கொண்டுவந்து, அதற்கு ஒரு பதவிப் பெயரை எழுத்தில் வாங்குவதுதான் முதல் படி.

மேஸ்திரி காலத்தில் இருந்து...

இந்தத் துறை இந்தியாவில் வந்ததே இப்படித்தான். மில்களில் ஆள் எடுப்பது, நிறுத்துவது எல்லாம் ஒரு காலத்தில் மேஸ்திரி கையில்தான் இருந்தது. வேலை கிடைக்க மேஸ்திரிக்குப் பணம் கொடுக்க வேண்டிய நிலை. 1918-ல் சென்னையில் 'மெட்ராஸ் லேபர் யூனியன்' உருவானபோது, பெரம்பூர் பி அண்டு சி மில் தொழிலாளர்களின் குறைகளைக் கேட்க முறையான ஏற்பாடு இல்லாததும் பெரிய பிரச்சினையாக இருந்தது.

1929-ல் அமைக்கப்பட்ட விட்லி தலைமையிலான ராயல் கமிஷன், 1931-ல் தந்த அறிக்கையில், ஆள் எடுப்பதை மேஸ்திரியிடம் இருந்து எடுத்துத் தனி லேபர் ஆபீசரிடம் கொடுக்கச் சொன்னது. பிறகு 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-வது பிரிவு, 500 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் ஆலையில் தொழிலாளர் நல அலுவலர் கட்டாயம் என்றது. அந்த நாற்காலிதான் பெயர் மாறி மாறி இன்றைய ஹெச்.ஆர். ஆகியிருக்கிறது.

இப்போ ஏன் இது முக்கியம்?

நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. அதனால் ஹெச்.ஆர். வேலை தெரிந்த ஆளுக்குச் சிறு யூனிட்களிலும் தேவை கூடியிருக்கிறது.

* நல அலுவலர் கட்டாயம் என்ற வரம்பு 500-ல் இருந்து 250 தொழிலாளர்களாகக் குறைக்கப்பட்டுள்ளது.
* 20 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் குறைதீர்ப்புக் குழு வேண்டும். அதில் நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும்.
* வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும்.
* மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் கொடுக்கப்பட வேண்டும்.
* ஒருவர் வேலையை விட்டாலோ, நீக்கப்பட்டாலோ, அவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தை 2 வேலை நாள்களுக்குள் தீர்க்க வேண்டும்.

இதையெல்லாம் முதலாளியே உட்கார்ந்து பார்க்க முடியாது. "பார்த்துக்க ஒரு ஆள் வேணும்" என்ற நிலை வரும். அந்த ஆள் வெளியில் இருந்து வருவாரா, உள்ளே இருப்பவரா என்பதுதான் கேள்வி.

பெரிய கம்பெனிகளில் இப்படி மாறியவர்கள் உண்டா?

உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மேரி பாரா 1980-ல், 18 வயதில், படித்துக்கொண்டே வேலை பார்க்கும் மாணவியாக உள்ளே வந்தவர். எலக்ட்ரிக்கல் இன்ஜினீயர். கார் தொழிற்சாலையின் மேனேஜர் வரை போனார். கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போய் வெளியே வந்த 2009-ல் அவரை உலகளாவிய ஹெச்.ஆர். பொறுப்பில் உட்கார வைத்தார்கள். ஊழியர் உடை பற்றி 10 பக்கத்துக்கு இருந்த விதியை, 'பொருத்தமாக உடுத்துங்கள்' என்ற ஒற்றை வரியாக்கினார். 2014-ல் அதே கம்பெனியின் தலைமைச் செயல் அதிகாரி ஆனார்.

இந்தியாவில் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் மோகன்தாஸ் பை இன்னொரு உதாரணம். தலைமை நிதி அதிகாரியாக இருந்தவர், 2006-ல் அந்தப் பொறுப்பை விட்டு, அதே நிறுவனத்தில் ஹெச்.ஆர். பக்கம் வந்தார்.

முதலில் படித்துவிட்டுப் பிறகு நுழையும் வழியும் உண்டு. லீனா நாயர் இன்ஜினீயரிங் முடித்து, பிறகு ஹெச்.ஆர். மேற்படிப்பு படித்து, 1992-ல் இந்துஸ்தான் லீவரில் டிரெய்னியாகச் சேர்ந்தார். ஆரம்ப காலத்தில் நம்ம அம்பத்தூர் தொழிற்சாலையிலும் வேலை பார்த்தவர். யூனிலீவரின் உலகளாவிய ஹெச்.ஆர். தலைவராகி, 2022-ல் ஷனெல் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்குப் போனார்.

மூவரும் வந்த வழி வேறு. ஆனால் பாரா உற்பத்தியையும் பை நிதியையும் கையில் வைத்துக்கொண்டுதான் ஹெச்.ஆருக்கு வந்தார்கள். பழைய வேலையில் கற்றது புது நாற்காலியில் பலமாக இருந்தது. சின்ன யூனிட்டுக்கும் இது பொருந்தும்.

எந்த வேலையில் இருந்து எப்படி நுழையலாம்?

*அக்கவுண்ட்ஸ், ஆபீஸ் வேலை:* மிக நேரான வழி இதுதான். சம்பளப் பட்டியல், பி.எஃப்., இ.எஸ்.ஐ. ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஆனால் ஆளோடு பேசும் அனுபவம் குறைவாக இருக்கும். ஆள் சேர்ப்பு, புதியவருக்கு வேலை சொல்லிக் கொடுப்பது போன்றவற்றில் கேட்டு வாங்கிக் கலந்துகொள்ள வேண்டும்.

*ஷிஃப்ட் சூப்பர்வைசர்:* ஆள்களைத் தெரியும். யார் ஏன் லீவு போடுகிறார்கள், எந்த ஷிஃப்டில் ஏன் சண்டை வருகிறது என்பதெல்லாம் அத்துப்படி. இவருக்குப் பேப்பர் வேலையும் எக்செல்லும் சட்டமும்தான் பாக்கி.

*தரப் பரிசோதனை, பாதுகாப்பு:* பதிவேடு, ஆடிட் என்று பழகியவர்கள். பயிற்சி, பாதுகாப்பு, உடல்நலப் பரிசோதனை வழியாக ஹெச்.ஆருக்குள் வரலாம்.

விருத்தாசலத்தில் அரசு நிறுவனத்தில் செராமிக் டிப்ளமோ படித்துவிட்டு ஆலைக்கு வந்தவர்களுக்குக் கூடுதல் பலம் ஒன்று உண்டு. பீங்கான் ஆலையில் பெரிய ஆபத்து தூசி. அதில் இருக்கும் சிலிக்கா நுரையீரலுக்குள் போய்ப் படிந்தால் சிலிக்கோசிஸ் வரும். படிந்ததை எடுக்க வழியில்லை, நோயைக் குணப்படுத்தவும் முடியாது. இது அரசுக்குத் தகவல் தெரிவிக்க வேண்டிய தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. எந்த இடத்தில் தூசி அதிகம், மாஸ்க்கை யார் ஏன் கழற்றி வைக்கிறார்கள், யாரை எந்த வேலையில் இருந்து மாற்ற வேண்டும் என்பது களிமண் கலக்கும் இடத்தில் நின்றவருக்குத் தெரிவதுபோல் வெளியில் இருந்து வரும் எம்.பி.ஏ.காரருக்கு உடனே தெரியாது.

எம்.பி.ஏ. கட்டாயமா?

தனியார் கம்பெனியில் ஹெச்.ஆர். அசிஸ்டெண்ட், ஹெச்.ஆர். எக்ஸிகியூட்டிவ் போன்ற பதவிகளுக்குச் சட்டப்படி எந்தப் படிப்பும் கட்டாயமில்லை. கம்பெனி முடிவு செய்வதுதான். ஆனால் இரண்டு இடத்தில் கதவு மூடியிருக்கும்.

ஒன்று, நல அலுவலர் பதவி. இதற்கான கல்வித் தகுதியை மாநில அரசின் விதிகள் சொல்கின்றன. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் அந்தத் தகுதி இல்லாமல் உட்கார முடியாது.

இரண்டு, நெய்வேலி என்.எல்.சி. போன்ற பொதுத்துறை நிறுவனங்கள். அங்கே ஹெச்.ஆர். அதிகாரி தேர்வுக்கு அறிவிப்பில் சொல்லியிருக்கும் முதுநிலைப் படிப்பு வேண்டும்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு வழி, தமிழக அரசின் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம். சென்னை அம்பத்தூரில் இயங்கும் இங்கே தொழிலாளர் மேலாண்மையில் பி.ஏ., எம்.ஏ. படிப்புகளும், தொழிலாளர் நிர்வாகத்தில் முதுநிலைப் பட்டயப் படிப்பும் உண்டு. நல அலுவலர் பணிக்கான தகுதியாக அரசு ஏற்கும் படிப்புகள் இவை. தொழிலாளர் சட்டத்துக்கு வார இறுதிப் பட்டயப் படிப்பும் நடத்தப்படுகிறது. விருத்தாசலத்தில் இருந்து சென்னைக்கு ரயில் இருக்கிறது. ஆனால் சனிக்கிழமையும் வேலை என்றால் சேரும் முன்பே கம்பெனியிடம் பேசிவிடுவது நல்லது. எந்தப் படிப்பு எந்தப் பதவிக்குச் செல்லும் என்பதையும் விண்ணப்பிக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

தொலைதூரக் கல்வியில் சேருவதாக இருந்தால், நீங்கள் சேரும் வருடத்துக்கு, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு யு.ஜி.சி. அங்கீகாரம் இருக்கிறதா என்று யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்வி இணையதளத்தில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். "போன வருஷம் இருந்துச்சு" என்பது போதாது.

முதல் 6 மாதத்தில் கைக்கு வர வேண்டியவை

* *பி.எஃப்.:* 20 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் கட்டாயம். ஊழியர் பங்கு 12%, நிறுவனத்தின் பங்கும் 12%.
* *இ.எஸ்.ஐ.:* 10 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால். மாதச் சம்பளம் ரூ.21,000 வரை உள்ளவர்களுக்கு. ஊழியர் 0.75%, நிறுவனம் 3.25%.
* இரண்டையும் அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். தாமதமானால் வட்டியும் அபராதமும் சேரும்.
* *போனஸ்:* குறைந்தது 8.33%, அதிகபட்சம் 20%.
* *மகப்பேறு விடுப்பு:* முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம்.
* *பாலியல் துன்புறுத்தல் புகார்:* 10 பேர் இருந்தாலே 2013 சட்டப்படி உள்ளகக் குழு வேண்டும். பேக்கிங், பெயின்டிங் பிரிவில் பெண்கள் வேலை பார்க்கும் யூனிட்கள் இதை ஏட்டளவில் வைத்திருக்கக் கூடாது.

இவற்றோடு, ஒரு கடிதத்தைத் தெளிவாக எழுதத் தெரிய வேண்டும். நியமனக் கடிதம், எச்சரிக்கைக் கடிதம், விளக்கம் கேட்கும் கடிதம். தொழிலாளிக்குப் புரியும் தமிழில் எழுதினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

கையெழுத்துப் போடும் முன்: 3 விஷயங்கள்

*1. 'ராஜினாமா செய்துவிட்டுப் புதுசா சேருங்க' என்றால்...*

துறை மாற்றத்துக்கு ராஜினாமா தேவையே இல்லை. 'பணி மாற்றம்' அல்லது 'பதவி உயர்வு' என்று ஒரு கடிதம் போதும். அதில் "முந்தைய பணிக்காலம் தொடரும்" என்ற வரி இருக்க வேண்டும்.

காரணம், கிராஜுவிட்டி. வழக்கமான ஊழியருக்குத் தொடர்ச்சியாக 5 வருடப் பணி இருந்தால்தான் அது கிடைக்கும். கணக்கு இதுதான்: கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு, அந்தத் தொகை ரூ.13,000 என்றால் ஒரு வருடத்துக்கு ரூ.7,500. 4 வருடம் சூப்பர்வைசர், 4 வருடம் ஹெச்.ஆர். என்று 8 வருடம் தொடர்ந்தால் ரூ.60,000 கிடைக்கும். நடுவில் ராஜினாமா எழுதிக் கொடுத்திருந்தால் 4, 4 என்று உடைந்து, ஒரு ரூபாய்கூட கேட்க முடியாத நிலை வரலாம். ஒரே ஒரு பேப்பர்தான் வித்தியாசம்.

*2. சம்பளம் ரூ.21,000-ஐத் தாண்டினால்...*

பதவி உயர்வில் சம்பளம் கூடுவது நல்ல விஷயம். ஆனால் வரம்பைத் தாண்டினால் இ.எஸ்.ஐ. நிற்கும். உடனே நிற்காது. ஏப்ரல் - செப்டம்பர், அக்டோபர் - மார்ச் என்று இரண்டு பங்களிப்புக் காலங்கள் உண்டு. நடுவில் சம்பளம் கூடினால் அந்தக் காலம் முடியும் வரை பிடித்தமும் பாதுகாப்பும் தொடரும். அதற்குப் பிறகு குடும்பத்துக்கு என்ன மருத்துவக் காப்பீடு என்பதைக் கம்பெனியிடம் முன்கூட்டியே கேளுங்கள். வீட்டில் வயதான பெற்றோர் இருந்தால் ரூ.1,500 சம்பள உயர்வு மருத்துவச் செலவில் கரைந்துவிடலாம்.

*3. நீங்க இனி 'தொழிலாளி' இல்லை*

பலரும் கவனிக்காத இடம் இது. தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் 'தொழிலாளி' என்பதற்கு ஒரு வரையறை இருக்கிறது. முக்கியமாக நிர்வாகப் பணியில் இருப்பவர் அதில் வர மாட்டார். மேற்பார்வைப் பணியில் மாதம் ரூ.18,000-க்கு மேல் வாங்குபவரும் வர மாட்டார். பதவியின் பெயரைவிட, உண்மையில் செய்யும் வேலை என்ன என்பதையே நீதிமன்றங்கள் பார்க்கின்றன.

ஆட்குறைப்புக்கு நோட்டீஸ், இழப்பீடு, தொழிலாளர் துறையில் தாவா எழுப்புவது போன்ற பாதுகாப்புகள் 'தொழிலாளி'க்கு உரியவை. முழு ஹெச்.ஆர். மேனேஜராக மாறிவிட்டால், நாளைக்குப் பிரச்சினை வந்தால் உங்கள் கையில் இருப்பது நியமனக் கடிதத்தில் எழுதியிருப்பது மட்டும்தான். அதனால் நோட்டீஸ் காலம் எத்தனை மாதம், வேலையை விட்டு நிறுத்தினால் என்ன தருவார்கள் என்பதைக் கடிதத்திலேயே எழுதி வாங்குவது அவசியம்.

நேற்று வரை 'அண்ணே', இன்னைக்கு 'மேனேஜ்மெண்ட் ஆளு'

வெளியூரில் இருந்து வரும் ஹெச்.ஆருக்கு இல்லாத ஒரு சிக்கல் உள்ளிருந்து வருபவருக்கு உண்டு. வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் ஒரே பஸ்ஸில் வருபவர்கள், சிலர் மாமன் மச்சான். "அண்ணே, எனக்கு மட்டும் அந்த ஒரு நாளைப் போட்டு விட்டுடுண்ணே" என்று வந்து நிற்பார்கள். போட்டுவிட்டால் அடுத்த வாரம் பத்துப் பேர் வருவார்கள். முடியாது என்றால், "சீட்டு வந்ததும் மாறிட்டான்" என்ற பேச்சு கிளம்பும்.

இன்னொன்று, எல்லார் சம்பளமும் இப்போது உங்களுக்குத் தெரியும். டீக்கடையில் வாய் தவறி ஒரு எண் வெளியே போனால், அந்த ஷிஃப்ட் முழுக்கப் புகையும்.

இதற்கு நடைமுறை வழிகள் இருக்கின்றன. லீவு, ஓ.டி., அட்வான்ஸ் மூன்றுக்கும் விதியை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட வேண்டும். விதி எல்லாருக்கும் ஒன்று என்று தெரிந்தால் கோபம் ஆள் மேல் வராது. சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட புகார் வந்தால், தான் விலகி வேறொருவரை விசாரிக்கச் சொல்ல வேண்டும். குறைதீர்ப்புக் குழு இருந்தால் அதன் வழியாகவே எதையும் கொண்டுபோக வேண்டும்.

நல அலுவலரே தொழிலாளிக்கு எதிரான ஒழுங்கு நடவடிக்கையைக் கையாளக் கூடாது என்று பல மாநில விதிகள் சொல்வதும் இதனால்தான். குறை கேட்கிறவரும் தண்டனை தருகிறவரும் ஒரே ஆளாக இருந்தால், யாரும் வாய் திறந்து குறை சொல்ல மாட்டார்கள்.

முதலாளியிடம் எப்படிக் கேட்பது?

"எனக்கு ஹெச்.ஆர். ஆகணும்" என்று கேட்டால் பெரும்பாலும் "பார்க்கலாம்" என்ற பதில்தான் வரும். கம்பெனிக்கு என்ன மிச்சம் என்று காட்டினால் பேச்சு வேற மாதிரி போகும். போன வருடம் பி.எஃப். தாமதமாகக் கட்டியதில் எவ்வளவு அபராதம் போனது? மூன்று மாதத்தில் எத்தனை பேர் நின்றார்கள்? நியமனக் கடிதம் இல்லாமல் எத்தனை பேர் இருக்கிறார்கள்? இந்த மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துப் போங்கள்.

"சார், இப்போ பார்க்கிற வேலையோட இந்த ரெண்டையும் 3 மாசம் நான் பார்த்துக்கறேன். சரியா வந்தா பதவியும் சம்பளமும் மாத்திக் கொடுங்க. இப்பவே ஒரு லெட்டரா போட்டுக்கலாம்" என்று கேட்பது நியாயமான கோரிக்கை. கெடு இல்லாமல் ஒப்புக்கொண்டால் இரண்டு வேலை, ஒரே சம்பளம் என்று வருடக்கணக்கில் இழுக்கும் ஆபத்து உண்டு.

அதுக்கு மேல் எப்படி வளர்வது?

டைம் ஆபீஸ் அல்லது ஹெச்.ஆர். அசிஸ்டெண்ட், பிறகு எக்ஸிகியூட்டிவ், சீனியர் எக்ஸிகியூட்டிவ், அசிஸ்டெண்ட் மேனேஜர், மேனேஜர் என்பது பொதுவான வரிசை. 60 பேர் உள்ள யூனிட்டில் முதல் இரண்டு படிதான் இருக்கும். அதனால் ஆரம்பத்திலேயே படிப்பையும் சேர்த்துத் தொடங்கினால், நான்கைந்து வருடத்தில் அங்கேயே நல அலுவலர் தேவைப்படும் அளவுக்கு யூனிட் வளர்ந்தாலும், பெரிய ஆலைக்குப் போனாலும் தகுதியோடு நிற்கலாம்.

சம்பளச் சீட்டு, பணி மாற்றக் கடிதம், பதவி உயர்வுக் கடிதம் மூன்றையும் போட்டோ எடுத்து மெயிலில் சேமித்து வையுங்கள். ஹெச்.ஆர். ஆன பிறகு மற்ற எல்லாருடைய ஃபைலையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள். அதற்கு முன் உங்கள் ஃபைலில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.